ஓட்டினால் தேயும்... நிறுத்தினால் துருப்பிடிக்கும்!

பழைய கார் என்றால் இன்ஜின்தான் முதலில் காலை வாரும் என்று பலரும் நினைப்பார்கள். 40 வயதை எட்டிய டொயோட்டா ஏஇ86 வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்... அவர் இன்ஜினைப் பற்றி அதிகம் பேச மாட்டார். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கைப் பற்றித்தான் பேசுவார். அது காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். தரைவிரிப்புக்கு அடியில் நீர் தேங்கி, தகட்டை அரிக்க ஆரம்பிக்கும். வெளியே தெரியும்போது பாதி தகடு போயிருக்கும்.

1983-ல் ஜப்பானில் அறிமுகமாகி, 1987 வரை தயாரான சின்ன ஸ்போர்ட்ஸ் கூப்பே இது. குடும்பங்கள் ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டிய கரோலாவின் வழியில் வந்ததுதான். ஹெட்லைட் சாதாரணமாக இருந்தால் அது கரோலா லெவின். சுவிட்சைப் போட்டதும் ஹெட்லைட் கண்ணைத் திறப்பதுபோல எழுந்து நின்றால் அது ஸ்பிரிண்டர் ட்ரூயெனோ. அந்தத் தலைமுறையில் பெரும்பாலான கரோலாக்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டன. இந்தக் கூப்பே மட்டும் பழையபடி பின்சக்கர இயக்கத்திலேயே வந்தது. 1.6 லிட்டர், 16 வால்வு இன்ஜின். ஜப்பானில் விற்ற வண்டியின் எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. அங்கே இதற்குச் செல்லப் பெயர் 'ஹாச்சி-ரோகு'. 'எட்டு-ஆறு' என்று அர்த்தம்.

சில வருடங்களில் இது விலை மலிந்த பழைய வண்டியாகிவிட்டது. சம்பளம் குறைவான இளைஞர்களுக்கு அதுதான் வசதி. 'டிரிஃப்ட் கிங்' என்று பெயரெடுத்த பந்தய வீரர் கெய்ச்சி சுச்சியா மலைப்பாதை வளைவுகளில் இந்த வண்டியைச் சறுக்கி ஓட்டிக் காட்டினார். பிறகு 1995-ல் ஷுய்ச்சி ஷிகேனோ வரைந்த 'இனிஷியல் டி' என்ற சித்திரத் தொடர் வந்தது. டோஃபு கடைக்காரரின் மகன், விடியும் முன்பே அப்பாவின் ட்ரூயெனோவில் மலையேறி டோஃபு கொடுத்துவிட்டு வருவான். வண்டியில் ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் இருக்கும். அது சிந்தக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. சிந்தினால் டோஃபுவும் உடைந்திருக்கும். அந்தப் பையன் பெரிய பெரிய கார்களையெல்லாம் வளைவுகளில் முந்துவான்.

கதை ஊர் உலகமெல்லாம் பரவியது. வண்டிக்கு அதுவே வரமும் சாபமும் ஆனது. கழற்றுக் கடைக்குப் போகவேண்டிய பல வண்டிகள் பிழைத்தன. அதே சமயம் கதையைப் பார்த்துச் சறுக்கி ஓட்டப் பழகியவர்கள், பல வண்டிகளைச் சாலையோரத் தடுப்பில் மோதி நசுக்கினார்கள். மிச்சமிருப்பவற்றில் இன்ஜின் மாற்றாத, வெட்டி ஒட்டாத வண்டி கிடைப்பது அபூர்வம். ஒரு காலத்தில் மாணவர்கள் வாங்கிய கார், இன்று வசதியானவர்களே யோசித்து வாங்கும் விலைக்குப் போய்விட்டது.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். வைத்துக் காப்பாற்றுவது இன்னொரு கதை.

ஜப்பானில் சொந்த உபயோகக் கார்களுக்கு 'ஷாகென்' என்ற கட்டாயச் சோதனை உண்டு. நம்மூர் எஃப்.சி மாதிரி. புது கார் என்றால் முதலில் 3 வருடம் கழித்து, அதன்பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை. பிரேக், விளக்கு, புகை, அடிப்பகுதித் துரு என எல்லாம் பார்ப்பார்கள். வண்டி பழசாக ஆக, வரியும் ஏறும். 2019 அக்டோபருக்கு முன் பதிவான 1.5 முதல் 2 லிட்டர் வரையிலான கார்களுக்கு ஆண்டு வரி 39,500 யென். பெட்ரோல் கார் 13 வருடம் தாண்டிவிட்டால் அது ஏறக்குறைய 15 சதவிகிதம் கூடி 45,400 யென் ஆகிவிடும். வண்டியின் எடைக்கான வரியும் 13 வருடத்தில் ஒருமுறை, 18 வருடத்தில் இன்னொருமுறை உயரும். 'புது வண்டிக்குப் போ' என்று அரசாங்கமே சொல்வதுபோலத்தான்.

அடுத்த பகை, துரு. பனி விழும் ஊர்களில் சாலையில் உப்பு தூவுவார்கள். அது சக்கரத்தோடு சுழன்று, பின்சக்கர வளைவுக்குள்ளும் கதவுக்குக் கீழே இருக்கும் பகுதியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹாச்சி-ரோகு வாங்கப் போகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது இந்த இடங்களைத்தான். மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளே பட்டி பூசி மறைத்திருப்பார்கள். அனுபவஸ்தர்கள் மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். தகடு இருந்தால் ஒட்டும். பட்டி தடிமனாக இருந்தால் நழுவி விழும். எந்தப் பழைய கார் வாங்கினாலும் இந்த வித்தை உதவும்.

அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'இனிஷியல் டி' கதையில் நாயகனின் நண்பன் 86 என்று நினைத்து, அதே உருவத்தில் இருக்கும் ஏஇ85-ஐ வாங்கிவிட்டு அவமானப்படுவான். சின்ன இன்ஜின், வேகமும் குறைவு. ஆனால், உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். கதையில் கேலிக்கு ஆளான அந்த 85-ல் இருந்து கழற்றிய கதவும் பானட்டும்தான் இன்று பல 86-களை ஓட வைத்துக்கொண்டிருக்கின்றன.

டொயோட்டாவும் திரும்பிப் பார்த்தது. கைவிட்ட பழைய மாடல்களின் பாகங்களை மறுபடி தயாரிக்கும் 'ஜிஆர் ஹெரிட்டேஜ் பார்ட்ஸ்' திட்டத்தில், 2021-ல் ஏஇ86-ஐயும் சேர்த்தது. பின் பிரேக் கேலிப்பர், ஸ்டீயரிங் நக்கிள் ஆர்ம் போன்றவை மறுபடி புதிதாகக் கிடைக்க ஆரம்பித்தன. ஒரு கார் முழுவதற்கும் அது போதாதுதான். ஆனாலும் தேய்ந்தால் உயிருக்கே ஆபத்தான பாகங்கள் அவை. 2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில், ஹைட்ரஜனில் ஓடும் 86 ஒன்றையும் பேட்டரியில் ஓடும் 86 ஒன்றையும் அந்த நிறுவனம் காட்சிக்கு வைத்தது. பழைய வண்டியைத் தூக்கிப் போடாமலே புகையைக் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு அது ஒரு முயற்சி.

இத்தனைக்கும் நடுவே, வண்டிக்காரரைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். இதை ஓட்டுவதா, வேண்டாமா?

ஓட்டினால் கிளட்ச் தேயும், கியர்பாக்ஸ் தேயும், புஷ் தேயும். தேய்வதில் சில இனி புதிதாகக் கிடைக்காது. சரி, துணி போட்டு மூடி வைக்கலாம் என்றால், அது அதைவிட மோசம். டேங்கில் நின்ற பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். ஆயில் சீல் காய்ந்து ஒழுகும். பிரேக் கேலிப்பர் இறுகிப்போகும். டயர் ஒரே பக்கம் தட்டையாகும். பேட்டரி இறங்கிவிடும். தினமும் நடக்கும் தாத்தா தெம்பாக இருப்பதும், கட்டிலோடு இருப்பவர் தளர்ந்துபோவதும் மாதிரிதான்.

அதனால், விவரம் தெரிந்தவர்கள் நடுவழியைப் பிடிக்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுகிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் விரட்டுவதில்லை. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் காலக்கணக்குப் பார்த்து ஆயிலும் டைமிங் பெல்ட்டும் மாற்றுகிறார்கள். உப்புச் சாலையில் போய் வந்தால் அன்றே அடிப்பகுதியைக் கழுவிவிடுகிறார்கள்.

1980-களில் 20 வயதில் இந்த வண்டியைப் புதிதாக வாங்கியவர்களுக்கு இப்போது ஏறக்குறைய 60 வயது ஆகிவிட்டது. அவர்களின் மெக்கானிக்குகளுக்கும் அதே வயது. வெளிநாட்டிலிருந்து நல்ல விலை சொல்லிக் கேட்கிறார்கள். பணம் வேண்டும் என்றால் விற்றுவிடலாம். சேகரிப்பாளருக்குக் கொடுத்தால் கண்ணாடிக் கூண்டுக்குள் பத்திரமாக இருக்கும், ஆனால் ஓடாது. பக்கத்துத் தெரு இளைஞனுக்குக் கொடுத்தால் ஓடும், ஆனால் ஒரே வருடத்தில் தடுப்பில் மோதினாலும் மோதலாம்.

பலர் இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழியைத் தேடுகிறார்கள். விற்பதற்கு முன்பே ஒரு சின்னப் பையனையோ பெண்ணையோ கூட வைத்துக்கொண்டு, எந்த ஹோஸ் எங்கே ஒழுகும், எந்தச் சத்தம் எதற்கு அறிகுறி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஜப்பானியக் கார்களோடு பராமரிப்புக் குறிப்பு நோட்டு ஒன்று வரும். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை பார்த்தது என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். சாவியோடு அந்த நோட்டும் கைமாறும். எழுதி நிரம்பிய நோட்டு உள்ள வண்டிக்குத்தான் மரியாதை. புதிதாக வாங்கியவர் செய்யவேண்டிய முதல் வேலை, அடுத்த வரியை எழுதுவதுதான்.