சராசரி மாணவனின் கல்லூரி

நம்முடைய விமர்சனத்தில் மேதைக்கு இடம் உண்டு. போலிக்கும் இடம் உண்டு. சராசரிக்கு மட்டும் இடம் கிடையாது. ஒருவனைச் சராசரி என்று எழுதிவிட்டால் அது தீர்ப்பு. அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஆனால் இதுபோன்ற ஒரு பத்திரிகைக்குச் சந்தா அனுப்பி, இதழ் மூன்று மாதம் தாமதமாக வந்தாலும் பொறுத்துக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஆள் பெரும்பாலும் ஒரு சராசரி மாணவனாக இருந்தவன்தான். அவன் எங்கே படித்தான், அந்தக் கல்லூரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பது இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று எனக்குத் தோன்றவில்லை. நான் தென்காசிக்காரன். 2008இல் பிளஸ் டூவில் 1200க்கு 742 வாங்கினேன். பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன், இப்போது வங்கியில் குமாஸ்தா. இந்த விஷயத்தைப் பேச இவ்வளவு யோக்கியதை போதும் என்று நினைக்கிறேன்.

பேச்சை எடுத்தால் உடனே யாராவது கி. ராஜநாராயணனைச் சொல்வார்கள். பள்ளிப்படிப்பையே முடிக்காதவர் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார் என்பது உண்மை. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931இல் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தனையும் சொல்வார்கள். அவரை உருவாக்கியது அந்தக் கல்லூரியா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த உதாரணங்களால் நிரூபணமாவது ஒன்றுதான்: மேதைக்குக் கல்லூரி முக்கியமில்லை. சராசரிக்கு முக்கியம். தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் சக்தி அவனுக்குக் குறைவு. சுற்றியிருப்பது எதுவோ அதனால் ஆகிறவன் அவன். எந்தக் கல்லூரி என்பது அவனுக்குத்தான் உயிரான கேள்வி.

தென்காசிப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு 1960களின் தொடக்கம்வரை விடை திருநெல்வேலி, பாளையங்கோட்டை என்பதுதான். இந்துக் கல்லூரி, செயின்ட் ஜான்ஸ், 1923இல் ஆரம்பித்த செயின்ட் சேவியர்ஸ், பெண்களுக்கு சாரா டக்கர். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். விடுதியில் சேர வேண்டும், அல்லது உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் இடம் பிடிக்க வேண்டும். கல்லூரிச் சம்பளத்தைக் கட்ட முடிந்தவர்கள்கூடத் தங்குகிற செலவை நினைத்துப் பின்வாங்கியிருக்கிறார்கள். 1963இல் ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி வந்தது. அந்த ஊரைச் சேர்ந்த தொழிலதிபர், அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் எஸ். அனந்தராமகிருஷ்ணன் தொடங்கியது. மறு வருஷம் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி வந்தது. குற்றாலநாதர் கோயில் தேவஸ்தானத்தின் கல்லூரி அது. ஒரு தொழிலதிபரின் ஊர்ப்பாசமும் ஒரு கோயிலின் வருமானமும் சேர்ந்து எங்கள் பக்கத்துக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தன: காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், சாயங்காலம் வீட்டுக்கே திரும்பி வருகிற பட்டப்படிப்பு.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பெண்களைக் கேட்டால் தெரியும். என் அக்கா பிளஸ் டூ முடித்தபோது எங்கள் வீட்டில் நடந்த விவாதம் எந்தப் பாடம் என்பது பற்றியே அல்ல. குற்றாலம் என்றால் படிக்கலாம். திருநெல்வேலி என்றால் வேண்டாம். ஐந்தாறு கிலோமீட்டரில் ஒரு கல்லூரி இருந்ததால் அவள் பி.எஸ்சி. படித்தாள். ஆண்பிள்ளைக்குப் பக்கத்துக் கல்லூரி என்பது சிக்கனம். பெண்பிள்ளைக்கு அதுதான் அனுமதி. குற்றாலத்தில் சாரல் ஆரம்பிக்கிற பருவமும் கல்லூரியில் சேர்க்கிற பருவமும் ஒன்று. வெளியூர்க்காரர்கள் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக ஏறுகிற அதே பஸ்ஸில், மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அப்பாக்களும் பெண்களும் ஏறுவதை ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்க்கலாம். அந்தப் பெண்களில் பலருக்கு அந்த மூன்று வருஷம்தான் வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் கிடைத்த சொந்தக் காலம்.

எங்கள் பக்கம் ஒருவனை 'எந்தக் காலேஜ்ல சேந்த?' என்று கேட்பதைவிட 'எங்க கெடச்சிது?' என்று கேட்பதே வழக்கம். இந்த வினைச்சொல் துல்லியமானது. நல்ல மதிப்பெண் வாங்கியவன் தேர்ந்தெடுக்கிறான், சராசரிக்குக் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்த கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரே கட்டடத்தில் அரசு உதவி பெறும் பிரிவு ஒன்றும் சுயநிதிப் பிரிவு ஒன்றுமாக இரண்டு கல்லூரிகள் அதில் இருந்தன. பாடத்திட்டம் ஒன்று, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பட்டம் ஒன்று. கட்டுகிற பணம் வேறு, வாத்தியார்கள் வாங்குகிற சம்பளம் வேறு. உதவி பெறும் பிரிவில் எனக்கு இடம் கிடைத்ததற்கு என் திறமை காரணமில்லை. வணிகவியலுக்கு எல்லோரும் முண்டியடித்ததில் ஆங்கிலத்தில் இரண்டு இடங்கள் மீந்திருந்தன.

வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். முக்கால்வாசிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். ஷேக்ஸ்பியரை மூலத்தில் படிக்கிற ஆங்கிலம் எங்கள் யாரிடமும் இல்லை. பரீட்சைக்குக் கடையில் விற்கும் நோட்ஸ் இருந்தது. ஆனால் லியர் அரசனை எங்களுக்கு நடத்திய வாத்தியாரை நான் மறக்க முடியாது. முதல் இரண்டு வாரம் புஸ்தகத்தைத் திறக்கவே இல்லை. "கெழவன் உசுரோட இருக்கும்போதே சொத்தப் பிரிச்சுக் குடுத்துட்டான்வே, அங்கதான் வென ஆரம்பிக்கி" என்று தொடங்கி, பாகப்பிரிவினை, மூத்த மகள்கள் இருவர் அப்பனை மாதம் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது, கூட வருகிற ஆட்களுக்கு யார் சோறு போடுவது என்ற தகராறு என்று எங்கள் தெருவில் நடக்கிற காரியமாகவே அவர் அதைச் சொல்லிக்கொண்டு போனார். பிறகுதான் நாடகத்தைப் பிரித்தோம். அதற்குள் எங்களுக்கு அந்தக் கிழவனின் மேல் கோபமும் வந்திருந்தது, இரக்கமும் வந்திருந்தது. வாக்கியங்கள் பாதி புரியவில்லை. ஆனால் புரியாத வாக்கியத்துக்குள் தெரிந்த வாழ்க்கை ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் அப்போது உண்டானது. விமர்சனம் என்று நான் இன்றுவரை செய்துகொண்டிருப்பது அதைத் தேடுகிற வேலைதான். பெரிய கல்லூரியாக இருந்திருந்தால் என் ஆங்கிலத்துக்கு நான் கடைசி பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்திருப்பேன். அங்கே எல்லோரும் அந்த நிலையில்தான் இருந்தோம் என்பதால் யாரும் வெட்கப்படத் தேவை இருக்கவில்லை. வீட்டில் கடனும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தென்காசி நூலகத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். பிரயோஜனமில்லாததைப் படிக்க அவகாசம் வேண்டும். அதுதான் அந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்த பெரிய வசதி.

இதைச் சொல்லிச் சின்ன ஊர்க் கல்லூரியைப் புனிதமாக்கிவிடக் கூடாது. அங்கே கிடைக்காதது எது என்பதையும் சொல்ல வேண்டும். பாடத்தின் தரத்தைவிடப் பெரிய குறை, தகவல் வராதது. ஹைதராபாத்தில் ஆங்கில மற்றும் அயல் மொழிகள் பல்கலைக்கழகம் என்று ஒன்று, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாக ஆனது, இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதி ஜெயித்தால் தனியார் கல்லூரியைவிடக் குறைந்த செலவில் அங்கே எம்.ஏ. படிக்கலாம். இந்தச் செய்தி எங்கள் நாற்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் எட்டவில்லை. நான் கேள்விப்பட்டபோது வங்கியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலிவான நல்ல படிப்பு நாட்டில் இருக்கிறது. அதன் விலாசம், அது யாருக்கு அவசியமோ அவர்களிடம் வந்து சேர்வதில்லை. விண்ணப்பக் கடைசித் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற ஒரு ஆள் இருந்திருந்தால் எங்களில் நான்கைந்து பேரின் வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும்.

இதையெல்லாம் எழுத வைத்தது சென்ற கோடையில் எங்கள் கிளைக்கு வந்த ஒருவர். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மகன் 600க்கு 361. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் சொல்லியிருக்கிறார்கள். கல்விக் கடன் வேண்டும். பையன் எப்படிப் படிப்பான் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "நல்லாப் படிக்கிற பயன்னா எங்கிட்டுப் போட்டாலும் பொழச்சுக்கிடுவான் தம்பி. இவன் சுமாரு. அதான் நல்ல காலேஜா பாத்துச் சேக்கணும்னு பாக்கேன்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மேலே நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றே: கல்லூரி முக்கியமாவது சுமாரான பையனுக்குத்தான். ஆனால் 'நல்ல காலேஜ்' என்ற இடத்தில் அவர் 'விலை கூடிய காலேஜ்' என்பதை வைத்துவிட்டார். மகனிடம் இல்லாததைப் பணத்தால் நிரப்பிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தப் பணம் அவரிடம் இல்லை, எங்களிடம் கேட்கிறார்.

கணக்கைச் சொல்கிறேன். நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் வேண்டாம். பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருஷம் வாங்கி, வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தவணை ஆரம்பிக்கிற நாளில் நான்கு லட்சம் ஐந்து லட்சத்து நாற்பதாயிரமாக நிற்கும். ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 9000 ரூபாய். கல்லூரியின் சிறந்த மாணவனுக்கு இது பொருட்டில்லை. சுமாரான பையனுக்கு முதல் வேலையில் வருகிற சம்பளத்தில் இது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கடன் திட்டங்கள் முதல் வரிசைக்காரனின் எதிர்காலத்தை உத்தேசித்துப் போடப்பட்டவை. அதில் கையெழுத்துப் போடுகிறவர்களோ நடுவரிசைக்காரர்களின் தகப்பன்மார்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த வித்யாலட்சுமித் திட்டம் இன்னும் தெளிவானது: ஜாமீன் இல்லாத கடன், வட்டிச் சலுகை எல்லாம் உண்டு, ஆனால் தரவரிசையில் மேலே இருக்கிற நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டமும் (2022) தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் 1000 ரூபாய் தருகின்றன. எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கின்றன, எத்தனை மார்க் என்று கேட்பதில்லை. நடுவரிசைக்குக் கிடைக்கிற உதவி அந்த அளவில்தான் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வர அது போதும். கோயம்புத்தூர் விடுதிக்குப் போதாது.

இந்தக் கணக்கை அவருக்கும் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப நீங்க படிச்ச காலேஜ்லயே போட்டா, உங்கள மாதிரி பேங்க்ல உக்காருவானா தம்பி?" என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வங்கிக் குமாஸ்தாத் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை என்பது உண்மை. எங்கள் நாற்பத்தெட்டுப் பேரில் வங்கிக்கு வந்தது இரண்டு பேர் என்பதும் உண்மை. மற்றவர்கள் மெட்ரிக் பள்ளியில் வாத்தியார், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, துபாய், அப்பாவின் கடை என்று இருக்கிறார்கள். "அது சொல்ல முடியாது அண்ணாச்சி. ஆனா வேலை கிடைக்காம இருந்த வருஷத்துல எங்கள்ல ஒருத்தன் வீட்டுக்கும் பேங்க்லேருந்து லெட்டர் வரல" என்று மட்டும் சொன்னேன். விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வேறு வங்கியில் கேட்டிருக்கலாம்.

அவர் எதைத் தீர்மானித்திருந்தாலும் அவரைக் குறைசொல்ல நான் தயாராக இல்லை. கல்லூரியின் பெயரைக் கேட்டு மனிதனை எடைபோடுகிற பழக்கம் அவர் கண்டுபிடித்தது அல்ல. படித்தவர்களான நாம் ஏற்படுத்தியது. நம்முடைய மதிப்பீடுகளிலும் அது இருக்கிறது. தென்காசிக்கு அடுத்த இடைகாலில் இருந்துகொண்டு வங்கி வேலையும் பார்த்த கலாப்ரியா, குற்றாலத்தில் நடத்திய கவிதைப் பட்டறைகளைப் பற்றிப் பேசும்போது யார் யார் வந்து பேசினார்கள் என்று கணக்கெடுக்கிறோம். பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்டு, ஊருக்குத் திரும்பிப் போய், ஒரு வரியும் எழுதாமல் புஸ்தகம் வாங்கிப் படித்துக்கொண்டே இருந்தவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. எழுதுகிறவன் எந்தக் கல்லூரியிலிருந்தும் வரலாம், வராமலும் இருக்கலாம். வாசகன் உருவாவதற்குக் கடன் இல்லாத மூன்று வருஷமும், ஒரு நூலகமும், தன் பாஷையில் லியரைச் சொல்லத் தெரிந்த ஒரு வாத்தியாரும் தேவைப்படுகிறார்கள். சராசரி மாணவனுக்கு நல்ல கல்லூரி எது என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், இந்த மூன்றும் வீட்டிலிருந்து பஸ் போகிற தூரத்தில் எங்கே இருக்கின்றன என்று விசாரிக்கச் சொல்வேன். நுழைவுத் தேர்வுகளின் தேதிகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுக்கவும் செய்வேன்.