மலையில் மூச்சுவாங்கும் பழைய பிக்கப்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது, 14,115 அடி உயர பைக்ஸ் பீக் மலை. உச்சிவரை தார்ச்சாலை உண்டு. நான்கு சிலிண்டர் பழைய பிக்கப் வண்டிகள் பாதி வழியிலேயே திணறும். உச்சியில் காற்றழுத்தம், கடலோரத்தில் இருப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான். காற்று போதாவிட்டால் பெட்ரோல் முழுதாக எரியாது, கரும்புகைதான் மிஞ்சும்.

இதற்கு டர்போ கைகொடுக்கும் என்று காட்டியதும் இதே மலைதான். இன்ஜின் கழித்துவிடும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி அது. 1918-ல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர், விமான இன்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின், அங்கே 230தான் தந்தது. டர்போ பொருத்தியதும் 356 ஆனது.

மலை பறித்த காற்றை டர்போ திருப்பித் தந்தது. சமவெளியில் ஓடும் பழைய இன்ஜினில் அதே டர்போவை மாட்டினால், தாங்கும் அளவுக்கு மேல் திணிப்பதாகிவிடும். ஹெட் கேஸ்கெட் போகலாம்; பிஸ்டன் உருகலாம். அதனால், முதலில் கம்ப்ரஷன் சோதனை செய்ய வேண்டும். தேய்ந்த இன்ஜினுக்கு முதல் செலவு ரீபோர்தான்.

இறங்கும் வழியில், கிளென் கோவ் என்ற இடத்தில் வண்டிகளை நிறுத்தி பிரேக் சூட்டைப் பார்க்கிறார்கள். ஏற்றத்துக்கு டர்போ உதவும். இறக்கத்தில் காப்பது சின்ன கியர்தான்.