ஒரு கணினியில் இரு குடித்தனம்

உங்கள் வீட்டில் ஏழெட்டு ஆண்டுப் பழைய கணினி ஒன்று இருக்கிறதா? "இனி இது ஆகாது, வேறு வாங்குங்கள்" என்று யாராவது சொன்னார்களா? பணத்தை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்படுமுன் இக்கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கணினியை எழுப்பி, நாம் சொல்வதைச் செய்யவைக்கும் அடிப்படை ஏற்பாட்டுக்கு இயங்குதளம் என்று பெயர். பழைய கணினிகள் பலவற்றில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 14.10.2025 அன்று முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு உள்ள கணினியையே முறைப்படி ஏற்கும். பழையவை பலவற்றில் அது கிடையாது. கணினி நன்றாகத்தான் ஓடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியை இணையத்தில் விடுவது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் தூங்குவதற்கு ஒப்பாகும்.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தியின் தாயார், செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. லாரி ஓட்டிய காசில் அவர் வாங்கிவைத்த கணினிதான் வீட்டில் இருந்தது. பட்டணத்துக் கடையொன்றில், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும்" என்றார்களாம். அந்த அம்மாள் என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், பிள்ளை பாடம் செய்யணும். ஆனா அவரு திருவிழாவுல பாடின குரலு அதுக்குள்ளதான் இருக்கு. எதையும் அழிச்சிடாதீங்க."

நான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவள்; கணினிப் பட்டதாரி அல்ல. ஆயினும் பள்ளியின் பழைய கணினிகளோடு மல்லுக்கட்டிக் கற்றது கொஞ்சம் உண்டு. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குச் சொன்னேன்.

இதை நம் லயத்து வீட்டைக் கொண்டு விளக்கலாம். கூரை ஒன்று, நடுவே சுவர் வைத்து இரண்டு குடும்பங்கள். கணினியின் வட்டிலும் அப்படிச் சுவர் வைக்கலாம். ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ். ஆனால் அடுப்பு ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவரே சமைக்கலாம். கணினியைத் திறந்தவுடன் வாசலில் நிற்கும் ஜாகாவைப் போல 'கிரப்' என்னும் சிறு நிரல், "எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?" என்று கேட்கும். அம்புக்குறியால் தேர்ந்தெடுத்தால் கதவு திறக்கும்.

லினக்ஸ் என்பது 1991-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். அதன் வகைகளில் லினக்ஸ் மிண்ட் பழைய கணினிக்கு ஏற்றது, 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் போதும். விலை கிடையாது.

வேலையை எந்த வரிசையில் செய்தோம் என்று கூறுகிறேன், கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, நகல். படங்கள், பாட்டுகள் யாவற்றையும் வெளிவட்டு ஒன்றிலும், பென் டிரைவ் ஒன்றிலும் எடுத்து, திறந்து பார்த்தோம். இது முடியும்வரை வேறெதையும் தொடவில்லை. சுவர் வைக்கும்போது மின்சாரம் போனால்கூட உள்ளே இருப்பது கெடலாம்.

இரண்டாவது, விண்டோஸில் 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் வசதியை நிறுத்தினோம். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடாது. அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிப் போவது போலாகும். 'பிட்லாக்கர்' பூட்டு உள்ள கணினியானால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, பூட்டை நீக்கிய பிறகே தொடர வேண்டும்.

மூன்றாவது, விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' மூலம் வட்டில் 100 ஜி.பி. இடத்தைக் காலியாக ஒதுக்கினோம்.

நான்காவது, லினக்ஸ் மிண்டை இணையத்தில் இறக்கி, 'ரூபஸ்' என்னும் நிரலால் 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினோம். வட்டைத் தொடாமலே அதை ஓட்டிப் பார்க்கலாம். திரை, ஒலி, வைபை எல்லாம் சரியென்று கண்ட பிறகு, விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்தோம். 'வட்டு முழுவதையும் அழி' என்றும் ஒரு வழி அங்கேயே இருக்கும். அதன் பக்கம் கை போகக்கூடாது!

ஒரு வேடிக்கையும் உண்டு. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்ளும். ஆகவே மாலை நான்கு மணிக்கு விண்டோஸ் காலை எட்டு என்று காட்டியது. நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முந்தியதல்லவா? 1982 பிறந்தபோது மேற்கு மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதுமாயிற்று.

லினக்ஸிலிருந்தே விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளைத் திறக்க முடியும். அப்படித் திறந்து அந்தப் பாட்டைப் போட்டேன். அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். மகள் மட்டும், "அப்பா இந்த இடத்துல வரிய மறந்துட்டாரு, டீச்சர்" என்று சிரித்தாள்.

"நகல்தான் இருக்கிறதே அக்கா, பழையதை எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். "அவரு வெச்ச மாதிரியே அந்தப் பக்கம் இருக்கட்டும், டீச்சர்" என்றார். மூத்த பையனின் தொழிற்கல்லூரிப் பாட நிரலும் விண்டோஸில்தான் ஓடும். ஆகவே இரண்டும் இருக்கின்றன. இணையத்துக்குப் போவது லினக்ஸ் பக்கமாக மட்டுமே என்று வீட்டில் சட்டம். சிறுமி அங்கே தமிழ்99 விசைப்பலகையில் கட்டுரை எழுதப் பழகுகிறாள்.

பெற்றோர்களே! புதிய கணினிக்கு ஆகும் பணம் நம் வீடுகளில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு. ஒரு மதியப் பொழுதும், ஒரு பென் டிரைவும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பழையதையே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். உங்கள் பிள்ளைகளின் ஆசிரியரையோ, படித்த இளைஞரையோ கூப்பிட்டு உட்காருங்கள். யார் உட்கார்ந்தாலும், நகல் எடுத்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கு வேலையைத் தொடங்க விடாதீர்கள்.