தொட்டிலும் வருகைப் பதிவேடும்

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, கட்டுச் சோறு கட்டி, மகளைத் தாய் அழைத்துச் செல்வாள். பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பின்னரே அவள் கணவன் வீடு திரும்புவாள். திருநெல்வேலி டவுணில் காந்திமதி அம்மனுக்கே ஆடிப்பூரத் திருவிழாவில் வளைகாப்பு நடத்தி ஊர் மகிழ்கிறது. பிள்ளை சுமப்பவளை ஓய்வாக வைத்துப் பேணவேண்டும் என்ற கனிவில் பிறந்த வழக்கம் இது. அதில் குறை காண எமக்கு மனமில்லை.

ஆயினும் பெண் வீட்டை விட்டு வேறெங்கும் போகாத காலத்தில் உருவான வழக்கம் இது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று அந்தப் பெண் கல்லூரி மாணவியாகவும் இருக்கிறாள். ஏழாம் மாதம் தொடங்கிப் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை கணக்கிட்டால் ஏறத்தாழ அரை ஆண்டு. கல்லூரி அவளுக்காக அரை ஆண்டு காத்திருப்பதில்லை. வீடு ஒரு நாட்காட்டியையும் கல்லூரி வேறொரு நாட்காட்டியையும் வைத்திருக்க, இரண்டுக்கும் நடுவே அவள் நிற்கிறாள். பெரும்பாலும் யாரும் அவளைப் படிப்பை நிறுத்தச் சொல்வதில்லை. அது தானாகவே நின்றுபோகிறது.

நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர்கள். டவுணில் ரத வீதியிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. மாடியை ஓர் இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். கணவர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் திரும்புவார். அந்தப் பெண் கணிதப் பட்டதாரி, பி.எட். படிக்க 2022இல் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் வாயும் வயிறுமாக இருப்பது இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது தெரியவந்தது. டிசம்பரில் பிரசவம் என்று மருத்துவர் நாள் குறித்தார்.

அப்போதுதான் பி.எட். படிப்பின் விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கணக்குப் போட்டோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள். வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை வேண்டும். அப்படியானால் ஆண்டு முழுவதற்கும் நாற்பது நாள்தான் விடுபடலாம். பிள்ளை பெற்ற உடம்பு தேற மருத்துவம் சொல்லும் ஆறு வாரத்திலேயே, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தாலும், முப்பது வேலை நாள் போய்விடும்! மாதந்தோறும் மருத்துவமனைக்குச் சென்று வரும் நாட்கள் அதில் சேரவில்லை. இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளியில் பயிற்சி உண்டு. அதற்கு 90 விழுக்காடு வருகை வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று கொண்டால் எட்டு நாள் மட்டுமே விடுபடலாம். எட்டு நாளில் பிள்ளை பெற்று எழுந்து, கரும்பலகை முன் நிற்க எவளால் இயலும்?

இன்னொரு விதியும் இருந்தது. ஈராண்டுப் படிப்பான பி.எட்.டைச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும். ஆக, அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஆண்டு. அதுவும் தவறினால் முதலாண்டில் பெற்ற நல்ல மதிப்பெண்களும் கட்டிய கட்டணமும் வீணாகிவிடும்.

கல்லூரியில் அவள் விடுப்புக் கேட்டபோது யாரும் கடுஞ்சொல் கூறவில்லை. “வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாதும்மா, அடுத்த வருஷம் வந்து சேர்ந்துக்கோ” என்று அன்பாகவே சொல்லியனுப்பினார்கள். பேறுகால விடுப்புக்கென்று எழுதப்பட்ட விதி எதுவும் அங்கே இல்லை. விதி இல்லாத இடத்தில், எதிரில் இருப்பவரின் அன்றைய மனநிலைதான் விதியாகிவிடுகிறது. அவளுடைய வகுப்பிலேயே கருவுற்றிருந்த இன்னொரு மாணவி கேட்கவே கூசி, ஒருநாள் வராமல் நின்றுவிட்டாளாம்.

சட்டம் இதைப்பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா என்று வாசகர் கேட்கலாம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் வேலை பார்க்கும் பெண்ணுக்கு உரியதாக இருந்தது. 2017இல் அந்த விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் மாணவி ஊழியர் அல்லள். அந்தச் சட்டத்தில் அவளுக்கு இடமிருக்கவில்லை. ஆராய்ச்சி மாணவியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016ஆம் ஆண்டு விதிகளில் வழி செய்தது. எம்.ஃபில்., பிஎச்.டி. காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம் என்று அவை கூறின. அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண் இத்தகைய விதியைக் காட்டிக் கேட்கலாம். அதே ஊரில் பி.ஏ.யோ பி.எட்.டோ படிக்கும் அவள் தங்கைக்கு அந்த விதிகளில் அப்படிக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

2021 டிசம்பரில் மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதியது. மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும், வருகைப் பதிவிலும் தேர்வு விண்ணப்ப நாளிலும் தளர்வும் அளிக்க, தக்க விதிகளை வகுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டே பட்ட வகுப்பு, முதுகலை மாணவியருக்கு 60 நாள் விடுப்பு அறிவித்தது. 2023 மார்ச்சில் கேரளப் பல்கலைக்கழகம் ஆறு மாதம் வரை அளித்தது. அதே ஆண்டு மே மாதம் தில்லி உயர்நீதிமன்றத்தில் எம்.எட். மாணவி ஒருத்தியின் வழக்கு வந்தது. மீரட்டிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு விடுப்பு மறுத்திருந்தது. நீதிமன்றம் அந்த மறுப்பை நீக்கி, 59 நாள் விடுப்பைக் கணக்கில் கொண்டு அவளைத் தேர்வெழுத விடுவதை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. கல்விக்கும் தாய்மைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி 1975இல் வந்த விதிகள், மருத்துவர் தேவையென்று சொல்லும் காலம் வரை மாணவிக்கு விடுப்பு அளித்து, திரும்பி வரும்போது விட்ட நிலையிலேயே அவளைச் சேர்க்கவேண்டும் என்றன. ஆகவே இது எங்கும் நடவாத காரியமன்று.

கல்கத்தாவில் 1880களில் மருத்துவம் படித்த காதம்பினி கங்குலியைப் பலர் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். மணமான பின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், மகப்பேற்றுக்காகப் பதின்மூன்று நாள் மட்டுமே வராதிருந்தார் என்று 1888இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு கடிதத்தில் வியந்து குறித்தார். நாங்களும் வியக்கிறோம். ஆயினும் ஒருவரின் அரிய உறுதியை எல்லோருக்கும் உரிய அளவுகோலாக்கிவிடக் கூடாது. “அந்தக் காலத்தில் அவள் படிக்கவில்லையா?” என்று கேட்டே எத்தனையோ பேரை வாயடைத்துவிடுகிறோம். பதின்மூன்று நாளில் எழுந்து வரமுடியாதவளும் நல்ல ஆசிரியையாகலாம்.

எங்கள் மாடிக்கு வருவோம். வளைகாப்பு அக்டோபரில் ஒரு ஞாயிறன்று நடந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த தாயார் அன்றே மகளை அழைத்துப் போகத் தயாராக இருந்தார். “படிச்சது போதும், இனிப் பிள்ளையைப் பாரு” என்றார் மாமியார். அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: “அம்மா, நான் அங்கே வரலை. நீங்க இங்கே வந்து இருங்களேன்.” சபையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் கீழ்வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. அதை ஒழித்துத் தருவதாகச் சொன்னோம். தாயார் யோசித்து, நவம்பர் கடைசியில் வந்து சேர்ந்தார். வழக்கம் அழிந்துவிடவில்லை, தாய் வீடு மகளிடம் வந்தது, அவ்வளவே. பத்தியச் சோறும் பிரசவ மருந்தும் எங்கள் அடுக்களையில் தயாராயின. அதுவரை முடிந்த நாட்களெல்லாம் அவள் வகுப்புக்குப் போய்வந்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்து வந்த 17, 18 தேதிகளை நம் மாவட்டம் மறவாது. தாமிரபரணி கரை கடந்தது. ஜங்ஷன் பேருந்து நிலையமும் சுற்றியுள்ள தெருக்களும் நீரில் மூழ்கின. மாடியில் பச்சைப் பிள்ளை, கீழே மின்சாரம் இல்லை. தென் மாவட்டங்களில் பள்ளி, கல்லூரிகளுக்கெல்லாம் விடுமுறை அறிவித்தார்கள். அந்த நாட்களுக்காக எந்த மாணவரின் வருகைப் பதிவும் குறையவில்லை. யாரும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை; யாரையும் எதற்கு இந்த நேரத்தில் வெள்ளம் என்று கேட்கவுமில்லை.

அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்கள் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டோம். சொல்லாமல் வரும் வெள்ளத்துக்குக் கல்லூரியின் நாட்காட்டி வளைந்து கொடுக்கிறது, அது சரியே. ஏழு மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டு வரும் பிறப்புக்கு ஏன் வளையக் கூடாது? வளைய முடியாததென்று நாம் நினைப்பது, வளைக்க யாரும் முயலாதது மட்டுமே.

அவ்வாண்டு அவளுக்குக் கைவிட்டுப் போயிற்று. 2024இல், குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆனபோது, மீண்டும் சேர்ந்தாள். இம்முறை தவறவிட இடமே இல்லை. காலை எட்டரைக்குப் பேருந்து ஏறுவாள்; மாலை ஐந்துக்குத் திரும்புவாள். இடைப்பட்ட எட்டரை மணி நேரம் பிள்ளை எங்கள் பொறுப்பு. தார்சாவின் கொக்கியில் பழைய சேலையில் தொட்டில் கட்டினோம். அதிகாலையில் அவள் பீய்ச்சி வைத்துப் போகும் பாலைக் குளிர்பெட்டியில் வைத்துப் பாலாடையில் புகட்டினோம். குழைத்த சோறும் பருப்பும் ஊட்டினோம். கடைக்குப் போகுமுன் பிள்ளையைக் குளிப்பாட்டித் துணிகளை அலசிப் போடுவது அவள் கணவர் வேலையாயிற்று. “ஆம்பிளை செய்யுத வேலையா இது?” என்று தெருவில் ஒரு குரல் எழுந்தது, அவர் சிரித்துக்கொண்டே அலசினார்.

அவளுக்குக் கல்லூரியில் பட்ட துன்பம் வேறு. பகலில் பால் கட்டிக்கொள்ளும்போது ஒதுங்க ஓர் அறை இல்லை. கழிப்பறையில் நின்றுகொண்டு பாலைப் பீய்ச்சிக் கொட்டுவாளாம். 2015இல் தமிழகத்தின் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்ட அறைகள் திறக்கப்பட்டன. பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்குக் கிடைத்தது, ஆசிரியைப் பயிற்சி பெறும் தாய்க்குக் கிடைக்கவில்லை. “ஆச்சி, வீட்ல யாராவது பிள்ளையைப் பாத்துக்கிடுதாங்கன்னா மட்டும் போதாது. அங்கயும் பூட்டுத உள்ள ஒரு ரூம் வேணும்” என்று ஒருநாள் கண்கலங்கினாள். அவள் கேட்டது பூட்டக்கூடிய கதவும், ஒரு நாற்காலியும், ஒரு மின்விசிறியும். எந்தக் கல்லூரியும் இதற்காகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

2025இல் தேர்வெழுதி வெற்றி பெற்றாள். இப்போது தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை எங்களைத் தாத்தா, ஆச்சி என்று அழைக்கிறாள். இரண்டு வயது நிறைந்ததால் அங்கன்வாடிக்குப் போகிறாள். பிறந்தது முதல் இரண்டு வயது வரையிலான அந்த இடைவெளிதான் மாணவத் தாய்மாருக்குப் பாலமில்லாத ஆறு. அதைக் கடக்க எங்களால் ஒருத்திக்குக் கைகொடுக்க முடிந்தது.

கூசி நின்றுவிட்டாளே, அந்த மற்றொரு மாணவியைப் பற்றியும் விசாரித்தோம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாளாம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பீடி சுற்றுகிறாள். அவளும் பட்டதாரி, முதலாண்டில் எங்கள் மாடிப் பெண்ணைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். மூன்றாண்டு கெடு முடிந்துவிட்டது. இனிப் படிக்க வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருவருக்கும் அறிவில் வேற்றுமை இல்லை, உறுதியிலும் இல்லை. ஒருத்தி குடியிருந்த வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. வேலையில்லாத இரு முதியவர் இருந்தார்கள். ஒரு பெண்ணின் படிப்பு இத்தகைய தற்செயலை நம்பியிருக்கலாமா?

நம் பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றை நடத்துவோரிலும் அவற்றில் கற்பிப்போரிலும் இதைப் படிக்கும் நம்மவர் பலர் உண்டு. விடுப்பு இத்தனை நாள், விடுபட்ட பயிற்சியை இன்ன மாதத்தில் ஈடுசெய்யலாம், இன்ன ஆசிரியையிடம் பேசலாம் என்று அவர்கள் ஒரே ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், கேட்கக் கூசுகிறவளும் நின்று படித்துவிட்டுப் போவாள். பங்குகளில் எங்களைப் போல் ஓய்வு பெற்றோர் பலர் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறோம். உங்கள் தெருவில் ஒரு மாணவி பிள்ளையோடு திணறினால், படிப்பை விடாதே என்று அறிவுரை சொல்வதோடு நில்லாமல், காலை எட்டரைக்குக் கதவைத் திறந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.