பழையதும் புதியதும் அருகருகே

கணினியை மேம்படுத்துவது என்றால் நம்மில் பலருக்கும் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதுதான் நினைவுக்கு வரும். தொழிற்பயிற்சிக்குச் சென்ற நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த வேலை அப்படிப்பட்டதன்று.

அடையாள மேலாண்மை வழங்கி என்று ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தில் யார் யார் பணிபுரிகிறார்கள், யாருக்கு எந்தக் கணினியில் நுழைய உரிமை உண்டு என்ற விவரங்களை ஒரே இடத்தில் காப்பது அது. காலையில் ஊழியர் கடவுச்சொல்லைத் தட்டியதும், “இவர் நம்மவர்தாம்” என்று சான்று சொல்வதும் அதுவே. லினக்ஸ் உலகில் இதற்குப் பெயர்பெற்ற மென்பொருள் ஃபிரீஐபிஏ. பயனர் விவரங்களைக் காக்கும் அடைவு, நுழைவுச் சீட்டு தரும் கெர்பரோஸ், மின்சான்றிதழ் வழங்கும் பிரிவு ஆகிய மூன்றும் அதில் கைகோத்து இயங்கும்.

அந்நிறுவனத்தின் வழங்கிகள் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இல் ஓடின. அப்பதிப்பின் பராமரிப்புக் காலம் 2024 ஜூன் 30-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. 9-ஆம் பதிப்புக்கு மாற வேண்டும்.

“இருக்கிற வழங்கியிலேயே புதிய பதிப்பை ஏத்திடலாமா, அண்ணா?” என்று எனக்குப் பொறுப்பாக இருந்த மூத்த பொறியாளரைக் கேட்டேன்.

“இதுல அப்படி முடியாது, தம்பி. பக்கத்துல புதுசா ஒன்னு வச்சி, பழையதுகிட்ட எல்லாத்தையும் கத்துக்க விடணும்” என்றார்.

அதுமட்டுமன்று. 7-இலிருந்து நேராக 9-க்குத் தாவவும் முடியாது. 8-இல் ஒருமுறை நின்றுதான் போக வேண்டும்.

எனக்கு உடனே புகுமுக வகுப்பு நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றபின், தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போகுமுன் ஓராண்டு அங்கே அமர்ந்திருந்தேன். “ஒரு வருசம் வீணாப் போச்சே” என்று உறவினர் சிலர் அம்மாவிடம் வருத்தப்பட்டனர். எனக்கும் அந்தச் சொல் நெடுநாள் உறுத்தியது. ஆனால், அந்த ஓராண்டில்தான் பின்னம் எனக்குப் பெச்சாஹான் ஆயிற்று. தசமம் பெர்புலுஹான் ஆயிற்று. தமிழ்ப்பள்ளியில் கற்ற கணக்கு அப்படியே இருந்தது. அதன்மேல் இன்னொரு மொழி வந்து உட்கார்ந்தது.

வழங்கியிலும் அதையே கண்டேன். புதியதைப் பழையதன் நகலாக நிறுவினோம். விவரங்கள் எல்லாம் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தோம். பிறகுதான் பொறுப்புகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றினோம். சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு முதன்மையானது. வழங்கியின் சேவைச் சான்றிதழ்கள் ஈராண்டுக்கே செல்லுபடியாகும். அப்பொறுப்பை ஒப்படைக்காமல் பழையதை நிறுத்திவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சான்றிதழ் காலாவதியாகும் நாளில்தான் எல்லாம் நின்றுபோகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் அடையாள எண் தரவேண்டும். புதிய வழங்கியிடம் தொடக்கத்தில் எண் வரிசை எதுவும் இராது. அது தானே முதன்முதலாக ஒரு பயனரைச் சேர்க்கும்போதுதான் பழையதிடம் கேட்டுத் தன் பங்கைப் பெறும். அதனால் பழையது உயிரோடு இருக்கும்போதே புதியதில் ஒரு சோதனைப் பயனரைச் சேர்த்தோம். பார்த்துக்கொண்டு நின்றால் மட்டும் போதாது; வேலையைச் செய்தால்தான் உரிமை வரும்!

இப்படியே 7-ஐ விட்டு 8-க்கும், 8-ஐ விட்டு 9-க்கும் சென்றோம். கடைசிப் பழைய வழங்கியை நிறுத்திய மறுநாள் காலையில் ஊழியர்கள் வழக்கம்போல் கணினியில் நுழைந்தனர். யாருக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. எங்களுக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

நம் மொழிக் கழகத்திலும் ஆண்டுதோறும் பொறுப்புகள் கைமாறுகின்றன. கோப்புகளை ஒப்படைத்துவிட்டால் கடமை முடிந்ததாக நாம் எண்ணிவிடக் கூடாது. மூத்தவர்கள் பட்டம் பெற்றுச் செல்லுமுன்னரே, இளையோர் ஒரு நிகழ்ச்சியையாவது தாமே பொறுப்பேற்று நடத்தட்டும். கேட்பதற்கு அருகில் ஆள் இருக்கும் காலம் அதுதான். அதை வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம்.