யார் தைத்தது?

2023இல் சென்னையில், ஒரு கல்லூரி அரங்கில் நடந்த அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன்களுக்கான விழாவில், கதாபாத்திரம் போல உடுத்தி வரும் காஸ்பிளே போட்டியின் முதல் பரிசை வாங்கினேன். பொய் சொல்லி வாங்கினேன். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

எதையும் மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

எங்கள் வீட்டில் டிவியும் தையல் மிஷினும் ஒரே அறையில் இருந்தன. பள்ளி விட்டு வந்ததும் கார்ட்டூன் நெட்வொர்க்கில் டிராகன் பால் அனிமே பார்ப்பேன். அம்மா பக்கத்தில் மிஷின் மிதித்துக்கொண்டிருப்பாள். அக்கம்பக்கத்துக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அவளுக்குக் கதை பிடிபடாது. உடைதான் கண்ணில் படும்.

"இந்த அங்கிக்குத் தோள்ல தையலே இல்ல பாரு" என்று ஒருநாள் ஜப்பானிய உடையான கிமோனோவைக் காட்டிச் சொன்னாள். பல வருடம் கழித்துத் தேடிப் படித்தேன். அவள் சொன்னது சரி. கிமோனோவுக்குச் சுமார் 36 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியை நேர்நேராகவே வெட்டுவார்கள். முதுகிலிருந்து வரும் துணி தோளைத் தாண்டி அப்படியே முன்பக்கம் இறங்கும். அம்மா அதைத் திரையில் ஒரு நொடி பார்த்தே சொல்லிவிட்டாள்.

2019இல் ஜப்பானிய இயக்குநர் மகோதோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' அனிமே படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திக் கேட்டு வரவழைத்த படம். அதைப் பார்க்கப் போன இடத்தில்தான் என்னைப் போன்ற அனிமே ரசிகர்களை முதன்முதலாகச் சந்தித்தேன். நன்றாக ஆங்கிலம் பேசினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "வீட்டில்தான் இருக்கிறார்" என்றேன். அவர்களில் ஒருவரையும் நான் வீட்டுக்கு அழைத்ததில்லை. மிஷினையும், அதைச் சுற்றிக் கிடக்கும் துண்டுத் துணிகளையும் அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று பயந்தேன். அம்மாவின் தொழிலை நினைத்து வெட்கப்பட்டேன். அந்தத் தொழில் போட்ட சோற்றில் வளர்ந்த நான்.

போட்டிக்கு 'டீமன் ஸ்லேயர்' தொடரின் டான்ஜிரோவாகப் போக முடிவு செய்தேன். அவன் மேலே போட்டிருக்கும் ஹவோரி என்ற மேலங்கி பச்சையும் கறுப்புமாகச் சதுரக்கட்டம் போட்டது. கட்டம் அச்சிட்ட துணி கடையில் கிடைக்கும். ஆனால் துண்டு துண்டாக ஒட்டித் தைத்தால்தான் நடுவர்களிடம் மதிப்பு. கோடவுன் தெருவில் இரண்டு நிறத்திலும் துணி எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அது கல்யாண சீசன். வந்த ஆர்டர்களை ஒதுக்கி வைத்தாள். 4 அங்குலச் சதுரங்கள், 200க்கும் மேல். எல்லாவற்றையும் வெட்டி, ஒட்டி, லைனிங் கொடுத்து, ஓரத்தைக் கையால் தைத்து முடித்தாள். பத்து இரவுகள் ஆயின. சொன்ன நாளில் ப்ளவுஸ் கிடைக்கவில்லை என்று நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

போட்டி விதி தெளிவாக இருந்தது. உடையை அணிபவரே செய்திருக்க வேண்டும். பிறர் செய்த பகுதி இருந்தால் சொல்லிவிட வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது.

நான் சொன்னது வாய் தவறி வந்த பொய் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பத்து இரவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். கட்டம் விலகாமல் எப்படிச் சேர்க்கிறாய்? எந்த இடத்தில் தொடங்குகிறாய்? "முதுகு நடுவுலேர்ந்து ஆரம்பிக்கணும். அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் போகணும். ஓரத்துலேர்ந்து வந்தா நடுவுல இடிக்கும்" என்றாள். பிள்ளை தொழில் கற்றுக்கொள்கிறான் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனைப் போல உடுத்தி வந்தார். காஸ்பிளேயின் கதையை அவரிடமிருந்து தொடங்குவார்கள். அந்த உடையைத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். தனக்கும் ஒன்று தைத்து அணிந்து அவருடன் வந்திருந்தார். புகழ் ஆக்கர்மனுக்குப் போனது. டக்ளஸின் பெயர் நெடுங்காலம் பின்னாலேயே கிடந்தது. போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு ஒரு ரசிகர் கூட்டத்தில் நானே இதைப் பேசினேன். அநியாயம் என்றேன். கைதட்டினார்கள்.

போட்டி நாளில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். ஃபோம் அட்டையைச் சூடுகாட்டி வளைத்து முழுக் கவசம் செய்திருந்தாள். விரல்களில் தீக்காயத் தழும்புகள். "உள்சட்டை மட்டும் சித்தி தைச்சுக் கொடுத்தாங்க" என்று நடுவர்களிடம் சொன்னாள். நடுவர் குறித்துக்கொண்டார். அந்தப் பகுதிக்கு மதிப்பெண் போனது. உண்மைக்கு என்ன விலை என்று என் கண்ணெதிரே தெரிந்தது.

அடுத்து நான். நடுவர் ஹவோரியைப் புரட்டிப் பார்த்தார். பக்கத் தையலில் விரலை ஓட்டினார். "கட்டம் எங்கேயும் விலகலையே. யார் தைச்சது?"

"நான்தான்."

"எப்படிச் சேர்த்தீங்க?"

"முதுகு நடுவிலிருந்து ஆரம்பிக்கணும் சார். ஓரத்திலிருந்து வந்தா நடுவில் இடிக்கும்."

அம்மாவின் உழைப்பை மட்டும் அல்ல, அவள் வார்த்தையையும் திருடினேன். டான்ஜிரோவால் பொய் சொல்ல முடியாது. சொல்ல முயன்றால் முகம் கோணிப்போகும். அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் உடையில் நின்று நான் பொய் சொன்னேன். என் முகம் கோணவில்லை.

200 சதுரங்களையும் இவரே தைத்தார் என்று மேடையில் அறிவித்தார்கள். அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் அம்மா இருந்தாள். அவளும் தட்டினாள். கவசம் செய்த பெண்ணுக்கு இரண்டாம் பரிசு. அவள் என்னிடம் வந்து கைகொடுத்து, கட்டம் சேர்க்கும் விதத்தைத் தனக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டாள். நேரமில்லை என்று நழுவினேன்.

பேருந்தில் அம்மா கேட்டாள். "நீயே தைச்சேன்னு சொல்லிட்டியா?"

"ரூல்ஸ் அப்படிம்மா."

"சரி." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு நல்லா பண்ணியிருந்துச்சு" என்றாள்.

நான் ஹவோரியில் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "உங்க கைவேலை மாதிரி இருக்கே" என்று கேட்டார். அம்மா, "இல்லம்மா, அவனே தைச்சான்" என்றாள். பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. என் பொய்யைக் காப்பாற்ற அவளையும் பொய் சொல்ல வைத்தேன். அந்த ஆண்டு ஆறு பேர் தங்களுக்கும் உடை தைத்துத் தர முடியுமா, எவ்வளவு கூலி என்று என்னிடம் கேட்டார்கள். ஆறும் அம்மாவுக்கு வந்திருக்க வேண்டிய வேலை. பொய் வெளியே வந்துவிடும் என்று ஆறையும் மறுத்தேன். பரிசு 10,000 ரூபாய். அதில் எனக்கு ஒரு உருவப் பொம்மை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு எதுவும் வாங்கவில்லை.

கவசம் செய்த பெண்ணை அடுத்த ஆண்டுப் போட்டியில் காணவில்லை. ஏன் என்று விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயந்தேன்.

இந்த மாதம் விழா நடத்தியவர்களுக்கு எழுதிவிட்டேன். பணத்தைத் திருப்பி அனுப்பினேன். முதலிடத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அம்மாவிடமும் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். "ரெண்டு வருஷம் ஆச்சே" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மன்னித்தாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று நடுவர் கேட்டதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். அந்த ஹவோரியைத் தைத்தது என் அம்மா. அதில் என் தையல் ஒன்றுகூட இல்லை.