எண்ணிப் பார்த்தவர்கள்

புள்ளியியல் வகுப்பில் சேர்ந்த நாள்முதல் என்னைத் துரத்தி வரும் கேள்வி ஒன்றுண்டு. "இதைப் படிச்சு என்னடா பண்ணப் போறே?" கேட்பவர் என் தாய்மாமன். திருவிழாவில் கேட்பார், கல்யாணப் பந்தியிலும் கேட்பார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

எனக்குப் பதில் கிடைத்த இடம் வேடிக்கையானது. கனடா நாட்டுப் பனித்தளம்! ஐஸ் ஹாக்கியை நான் நேரில் கண்டவனல்லன். திரையில் பார்த்தபோதும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே பறக்கிறது என்பது என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

தேசிய ஹாக்கி லீக் ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து போடும் கோல்கள் ஐந்தோ ஆறோதான். அவ்வளவு சொற்ப எண்ணிக்கையில் அதிர்ஷ்டம் புகுந்து விளையாடிவிடும். கூறு சிறுத்தால் பிழை பெருக்கும் என்று எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டது இதைத்தானே! பஃபலோ அணியின் கோல்காவலர்களுக்குப் பயிற்சியாளராயிருந்த ஜிம் கோர்சி, வலையை நோக்கி வந்த அடிகளோடு, குறி தவறியவை, வழியில் தடுக்கப்பட்டவை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினார். ஒவ்வோர் அடிக்கும் காவலன் உடலை இறுக்கி நிற்க வேண்டுமே, அந்த உழைப்பை அளக்கத்தான். இப்படி எண்ணினால் ஓர் ஆட்டத்தில் நூறுக்கு மேல் தேறும். ரசிகர்கள் சிலர் இதையே, ஆட்டம் யார் கையில் இருக்கிறது என்பதற்கு அளவுகோலாக்கி, அவர் பெயரையும் சூட்டிவிட்டார்கள்.

2013-இல் டொராண்டோ அணி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குள் நுழைந்தது. ஊரே கொண்டாடியது. எண்ணுகிறவர்கள் மட்டும் முகம் சுளித்தார்கள். எதிரிகளே மிகுதியாக அடிக்கிறார்கள், இது நிலைக்காது என்றார்கள். ஆட்டம் தெரியாத கணக்குப்பிள்ளைகள் என்று அவர்களை எள்ளி நகையாடினர். அடுத்த பருவத்தில் அந்த அணியின் வலையை நோக்கி ஆட்டத்துக்குச் சுமார் 36 அடிகள் வந்தன. லீகிலேயே அதுதான் மிக அதிகம். வெற்றிகளின் ஆரவாரத்தில் அந்தக் காவலன் பட்ட பாட்டை எத்தனை பேர் நினைத்தார்களோ! 2014 மார்ச்சில் தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் தோற்று, 84 புள்ளிகளோடு அணி வெளியேறியது.

அவ்வாண்டு ஜூலையில், எண்களை நம்பும் 28 வயது கைல் டூபாஸை அதே அணி துணைப் பொது மேலாளராக்கியது. 2015 பிப்ரவரியில் லீகே தன் இணையதளத்தில் அடிமுயற்சிக் கணக்குகளை வெளியிடத் தொடங்கியது.

அளவுகோலில் குறையில்லாமல் இல்லை. தொலைவிலிருந்து வந்த அடிக்கும் வலையருகே விழுந்த அடிக்கும் அதில் ஒரே மதிப்பு. பின்னால் வந்தவர்கள் இடத்துக்கேற்ப எடை போட்டுத் திருத்தினார்கள். ஆனாலும் கேலி பேசியவர்களை நான் பழிக்க மாட்டேன். கல்லூரி மைதானத்தில் கோல் விழுந்தால் மட்டுமே கைதட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்தான்.

விடுமுறையில் இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். முத்தாய்ப்பாக, வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்ற எரிக் டல்ஸ்கி, ஹாக்கிக் கணக்குகளை எழுதி எழுதியே கரோலைனா அணிக்குள் நுழைந்து, 2024 ஜூனில் அதன் பொது மேலாளராகவே ஆகிவிட்டதையும் சொன்னேன்.

மாமா வெற்றிலையை மடித்தபடி முழுவதும் கேட்டார்.

"அப்ப அவன் படிச்சது கெமிஸ்ட்ரிதானேடா?" என்றார்.